அரைத் திருகு மூடிகள்

மூன்றாவது பாட்டிலை வாளியில் கவிழ்த்தேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மேலே இரண்டு மூடி பினாயில் விட்டேன். வாளி முக்காலியின் மேல் இருந்ததால் குனிய வேண்டியிருக்கவில்லை.

"நான் தொடைக்கிறேன்னா கேக்க மாட்டியாம்மா?" என்றாள் ரோஸ்லின்.

ரோஸ்லின் என் மகள், ஒரே பிள்ளை. ஈஸ்டருக்குக் கோயம்புத்தூரிலிருந்து தனியாக வந்திருந்தாள். ஹால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ பாக்கத்தான வந்த? பாரு" என்றேன்.

உண்மையிலேயே அவள் பார்க்கத்தான் வந்திருந்தாள். இந்த வீட்டை என் கையாலேயே நான் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியுமா, இல்லை வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் கோயம்புத்தூர் அடுக்குமாடிக்குப் போக வேண்டுமா என்பது அன்றைக்கு முடிவாக வேண்டும். ஈஸ்டருக்கு மறுநாள் அது. பத்து மணி வாக்கில் வீடு மந்திரிக்க, அதாவது செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க, எங்கள் பங்குக் கோயில் சாமியார் வருவதாக இருந்தது. அதற்குள் நான் மூன்று அறையையும் துடைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் உட்கார்ந்து காட்ட வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் அப்படித்தான் பேச்சு.

துடைப்பான் கம்பை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாதா சுரூபத்தின் பக்கமிருந்து தொடங்கினேன்.

தூசி மேடம்

போன வாரம் இந்தத் தொடரில் விடுதிச் சமையலறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போனில் பேசினார். "இம்புட்டுச் சுத்தம் பாக்குற ஆளு, இப்பவும் நீங்களேதான் வீடு தொடைக்கிறீங்களா? எனக்கும் மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்கு. வெளக்குமாத்தக்கூடப் பிடிக்க முடியல மேடம்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அரை மணி நேரமாகியும் முடியவில்லை. சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காலை ஆறரைக்கு ஒவ்வோர் அறையாக நுழைவேன். ஒன்றும் பேச மாட்டேன். வலது கை ஆள்காட்டி விரலை ஜன்னல் விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, அந்த விரலை அறைக்காரப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டுவேன். அவ்வளவுதான், அவள் துணியைத் தேடி ஓடுவாள்.

பெண்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'தூசி மேடம்'. குளியலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிய வந்தது. எழுதியவளைக் கண்டுபிடித்து அழிக்க வைத்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. பேருந்து நடத்துநராக இருந்தவர். வாழ்நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் என்பதால், ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று ஒரு முடிவோடு இருந்தார். அந்த முடிவும் பிறகு என்னால் கெட்டது.

அந்த ஆள்காட்டி விரல் இப்போது நடு மூட்டில் வளைந்து, பக்கத்து விரலைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. அதை நேராக நீட்டி இனி யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முடக்கு வாதம் என்றார் டாக்டர். விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாவற்றிலும் இருக்கிறது. மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறேன். சில நாள் சும்மா இருக்கும். சில நாள் காலையில் எழுந்தால் கை என்னுடையதாகவே இருக்காது.

பதினோரு நாள்

கடந்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கை கொஞ்சம் நன்றாக இருந்த நாள் அது. அந்தத் தெம்பில் ஒரே நாளில் வீடு பூராவும் ஒட்டடை அடித்தேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மாதா சுரூபத்தைக் கழுவினேன். கடைசியில் முட்டி போட்டுக்கொண்டு தேங்காய் நாரால் தரையைத் தேய்த்தேன்.

"விடு மேரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இவர் இரண்டு தடவை சொன்னார். "நாளைக்கு யாரு கண்டா?" என்று மேலும் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் மணிக்கட்டு இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை. பதினோரு நாள் அப்படியே கிடந்தேன். நாளை எண்ணியதற்குக் காரணம் உண்டு. எண்ணுவது மட்டும்தான் அப்போது என்னால் முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்த ரோஸ்லின் வாசலில் பையை வைத்ததும் பார்த்த காட்சி, அவள் அப்பா எனக்குச் சடை போட்டுக்கொண்டிருந்ததுதான். சடையா அது? மூன்று கால் என்பதே அவருக்குத் தெரியாது, இரண்டாகப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"போதும். ரெண்டு பேரும் கெளம்புங்க. அங்க வேலைக்கு ஆள் இருக்கு, லிஃப்ட் இருக்கு. இந்த வீட்டக் கட்டிக்கிட்டு அழுதது போதும்" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. பெற்ற தாய் இட்லியைப் பிட்டு வாயில் வைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாழ்நாள் பூராவும் மற்றவர்கள் அறையைச் சோதித்தவள் நான். இது ஒன்றுதான் எனக்கென்று உள்ள வீடு. இன்னொரு பெண்ணின் வீட்டில், அவள் வேலைக்காரி பெருக்கியதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அது மகள் வீடாக இருந்தாலும்தான்.

"பாஸ்கா வரைக்கும் டயம் குடு. அப்ப வந்து நீயே பாரு. முடியலைன்னா நானே பெட்டியக் கட்டுறேன்" என்றேன். பாஸ்கா என்பது ஈஸ்டருக்கு நாங்கள் சொல்கிற பெயர்.

"மூலை எங்கீங்க போயிரும்?"

கையைச் சரிசெய்யப் போன இடத்தில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். ஒட்டன்சத்திரம் பக்கம் அவளுக்கு. நான் தேங்காய் நார்க் கதையைச் சொன்னதும் கண்ணை விரித்தாள்.

"ஏனுங்கம்மா, முட்டி போட்டுத்தான் தொடைக்கோணுமுங்களா?"

"அப்பத்தானம்மா மூலை தெரியும்."

"மூலை எங்கீங்க போயிரும்? ஊடு நாளைக்கும் அங்கயேதானுங்க இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று பட்டது. விடுதிப் பெண் ஒருத்தி என்னிடம் இப்படிப் பேசியிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் அவள் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு பேசினாள். "வலி வந்தப்புறம் நிறுத்துறதுக்குப் பேரு ஓய்வு இல்லீங்கம்மா. வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துருங்க. கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றாள்.

அவள் சொன்ன கொஞ்ச நேரத்துக்கு எங்கள் பக்கத்தில் செத்த நேரம் என்று பெயர். "செத்த நேரம் உக்காரு" என்று இவர் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். வீட்டுக்காரர் சொன்னால் காதில் ஏறுமா? வெளியாள் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து வீட்டை ஒரே நாளில் பிடிப்பதை விட்டேன். திங்கட்கிழமை ஜன்னல் என்றால் அன்று ஜன்னல் மட்டும்தான், அதிலும் ஒன்றோ இரண்டோ. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைச் செத்த நேரம் வைத்திருப்பேன். விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்திருக்கும். அதற்கு முன்னால் எந்த வேலையையும் தொடுவதில்லை.

விளக்குமாற்றுப் பிடி மெலிசாக இருந்தால் விரலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் வலி. இவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அதைக் கனமாக்கிக் கொடுத்தார். இப்போது சும்மா பிடித்தாலே நிற்கிறது. பாத்திரம் கழுவ உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டேன். அடிப்பிடித்த சட்டியோடு மல்லுக்கட்டுவதில்லை, ஊறப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

துணி பிழிவதுதான் பெரிய பாடு. முறுக்கினால் மணிக்கட்டு கத்தும். பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைக் கைக்குட்டை அளவில் துண்டு துண்டாக வெட்டினேன். சின்னத் துணி கொஞ்சம்தான் தண்ணீர் குடிக்கும். முறுக்கவே வேண்டாம். தொட்டிச் சுவரில் வைத்து முழங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு இவர் எடுத்துக் கொடுத்த சேலை அது. வெட்டும்போது இவர் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்ல சேலைடி" என்று மட்டும் சொன்னார்.

வாளியையும் தூக்க முடியாது. அதற்கு இவர்தான் வழி கண்டுபிடித்தார். காலியான இரண்டு லிட்டர் கலர் பாட்டில்களில் முதல்நாள் சாயந்திரமே தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வரிசையாக நிறுத்திவிடுவார். ஓர் அறைக்கு ஒரு பாட்டில் கணக்கு. சின்ன வாளியை முக்காலியில் வைத்து, முக்காலிக்கு உருளைச் சக்கரம் மாட்டியிருக்கிறார். காலால் தள்ளினால் கூடவே வரும்.

பாட்டிலுக்கு மூடி உண்டே? மூடிதான் எனக்கு எப்போதும் எதிரி. ஆகவே வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். எந்த மூடியையும் இறுக்கக் கூடாது, அரைத் திருகுதான். இவர் ஒவ்வொரு பாட்டிலாக மூடிக்கொண்டே, "அரைத் திருகு, ரைட்! அரைத் திருகு, ரைட்!" என்று பேருந்துக்கு விசில் கொடுக்கிற பாவனையில் சொல்லிக்கொண்டு போவார். ஆனால் தண்ணீர்ப் பாட்டிலில் மட்டும்தான் அந்தச் சட்டம் அவருக்கு நினைவிருக்கும். ஊறுகாய், எண்ணெய், மாத்திரை டப்பாவையெல்லாம் பழக்க தோஷத்தில் இறுக்கிவிடுவார். பிறகு மூடியும் நானும் சண்டை போடுவோம்.

வெள்ளை பூக்காத தரை

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஆத்தூர் அணையிலிருந்து குழாயில் முறை வைத்து வருவது நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க. போர்க்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். நல்ல தண்ணீரில் தரை துடைத்தாள் என்று தெரிந்தால் தெருவில் ஒரு பெண்ணும் மதிக்க மாட்டாள்.

உப்புத் தண்ணீரில் துடைத்த தரை காய்ந்ததும் வெள்ளை பூக்கும். எங்கள் வீட்டில் சிவப்புச் சிமெண்டுத் தரை என்பதால் இன்னும் நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடம் அதோடு போராடித் தோற்றிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு மறுநாளான அன்றைக்கும் அடுப்படி, படுக்கையறை இரண்டும் வழக்கம்போல் வெள்ளை பூத்துக் காய்ந்தன. ஒவ்வோர் அறைக்கும் நடுவில் செத்த நேரம் உட்கார்ந்தேன். கடைசியாக ஹாலையும் முடித்து, அழுக்குத் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றிவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முட்டி லேசாக முனகியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ரோஸ்லின் எழுந்து வந்து தரையைப் பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள்.

"என்னம்மா, ஹால் மட்டும் இப்பிடி மின்னுது? வெள்ளையே பூக்கலையே!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "புதுப் பினாயில்" என்றேன் பெருமையாக.

"நல்லாத்தாம்மா தொடைச்சிருக்க" என்றாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வாசலிலிருந்து இவர் வந்தார். வெள்ளை வேட்டியும் சட்டையுமாகத் தயாராக நின்றவர். "மேரி, தீர்த்தத்த எங்க வச்ச? சாமி தெருமுனை வீட்டுக்கு வந்துட்டாரு" என்றார்.

"மாதா பக்கத்துல இருக்கும் பாருங்க."

"இல்லையே."

எங்கள் பங்கில் ஒரு வழக்கம். பாஸ்காத் திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசையில், மந்திரித்த தண்ணீரை ஒவ்வொரு வீட்டுக்காரரும் பாட்டிலில் பிடித்து வந்து சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சாமியார் வீடு மந்திரிக்க வரும்போது அந்தத் தீர்த்தத்தைத்தான் தெளிப்பார். சனிக்கிழமை எனக்கு முட்டி வலி. இவர் மட்டும் போய்ப் பிடித்து வந்தார். கைக்கு எது கிடைத்ததோ அந்தப் பாட்டிலை எடுத்துப் போயிருந்தார்.

எந்தப் பாட்டில் என்று யோசித்தபோதுதான் முந்தின நாள் காரியம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா அலமாரியைத் தூசி தட்டினேன். ஒவ்வொரு பொருளாக இறக்கி வைத்தேன். மெழுகுவர்த்தி மேஜைக்கு, பூச்சாடி மேஜைக்கு. இரண்டு லிட்டர் கலர் பாட்டில் கைக்கு வந்ததும் என் கால்கள் பழக்கத்தில் அடுப்படிக்கு நடந்திருக்கின்றன. தொட்டிக்குக் கீழே, மற்ற பாட்டில்களோடு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

அடுப்படிக்குப் போனேன். மூன்று அறைக்கு மூன்று பாட்டில் ஊற்றியாகிவிட்டது. தொட்டிக்குக் கீழே ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீரோடு நின்றது. அரைத் திருகைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

கோயில் தண்ணீர் ஆத்தூர்த் தண்ணீர், நல்ல தண்ணீர். அதில் துடைத்ததால்தான் ஹால் வெள்ளை பூக்கவில்லை. பாஸ்காத் தீர்த்தத்தில் பினாயில் ஊற்றி வீடு துடைத்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

"ஊத்து, நான் சொல்லல"

பின்னாலேயே வந்த இவருக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. காலியான பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படிக் கதவை மெல்லச் சாத்தினார்.

"மகராசி" என்றார் ரகசியக் குரலில். "ஹாலுக்கா ஊத்துன?"

தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. தீர்த்தத்துக்காக அல்ல. கையோடு சேர்ந்து புத்தியும் போக ஆரம்பித்துவிட்டதோ என்ற பயம். ரோஸ்லினும் அதைத்தான் நினைப்பாள். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, இனி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறப்பாள் என்பாள். அதற்கு மேல் நான் என்ன பேசினாலும் எடுபடாது.

இவர் கழுவித் துடைத்த காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து, குடிதண்ணீர்ப் பானையின் குழாய்க்குக் கீழே பிடித்தார்.

"அதுவும் ஆத்தூர்த் தண்ணி, இதுவும் ஆத்தூர்த் தண்ணி. ஊத்து. நான் யார்ட்டயும் சொல்லல."

"ஏங்க, சாமியையா ஏமாத்துறது?"

"சாமி மந்திரிக்கிறப்ப தீர்த்தமாயிரும். பேசாம இரு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்க போயி நான் என்ன செய்வேன் மேரி? லிஃப்ட்ல ஏறி எறங்கிக்கிட்டுக் கெடக்கவா? எனக்கு அங்க ஒருத்தனையும் தெரியாது."

அவர் பயந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை. மாறுவதாக இருந்தால் அவருக்குச் சம்மதம்தான் என்று நானாகவே நினைத்திருந்தேன்.

குழாயைத் திருகினேன். பாதிப் பாட்டில் வரை நிறைந்தது.

விடுதியில் ஒருத்தி என் அறைக் கண்ணாடியை உடைத்துவிட்டு, உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டி வைத்திருந்தாள். "ஒடைச்சதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். மறைச்ச பாரு, அதுக்குத்தான்" என்று ஒரு மாதம் தோட்டம் கூட்ட வைத்தேன். இத்தனை வருடம் கழித்து அவள் முகம் அந்த அடுப்படியில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்? குழாயை மூடினேன்.

"வேணாங்க. நான் சொல்லிர்றேன்."

"சொன்னா போக வேண்டியதுதான்" என்றார்.

"போவோம்."

பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்ட மனமில்லை. நல்ல தண்ணீர் அல்லவா. ஒரு செம்பில் ஊற்றி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

சாமியார் கால் தூக்கியது

சாமியார் சின்ன வயதுக்காரர். போன வருடம்தான் எங்கள் பங்குக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்து நின்றார். "தோத்திரம் சாமி" என்று மூன்று பேரும் கும்பிட்டோம். அவர் புத்தகத்தைத் திறந்துகொண்டே தீர்த்தத்துக்காகக் கையை நீட்டினார்.

"சாமி, தீர்த்தம் இல்ல" என்றேன்.

"பிடிச்சுட்டு வரலையா?"

"பிடிச்சுட்டு வந்தாரு. பாட்டில் மாறிப்போச்சு. நான்... அதுலதான் இந்த ஹாலத் தொடைச்சுட்டேன்."

ரோஸ்லின் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

சாமியார் தன் காலைப் பார்த்தார். ஒரு குதிகாலை லேசாகத் தூக்கினார். "முழு பாட்டிலுமா?"

"முழுசும் சாமி. பினாயில் வேற ஊத்திட்டேன்."

சாமியார் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, நான் ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு சொட்டு தெளிச்சுட்டுப் போறவன். நீங்க மூலை முடுக்கெல்லாம் மந்திரிச்சு வச்சிருக்கீங்க. எனக்கு இங்க என்ன வேலை இருக்கு?"

இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, மத்த ரூமுக்கு வேணும்ல. ஒரு செம்புல தண்ணி கொண்டாங்க, இங்கயே மந்திரிச்சுருவோம்" என்றார் சாமியார்.

செம்பு தயாராக இருந்தது. இவர் போய் எடுத்து வந்தார். கொடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். சாமியார் செபம் சொல்லி, அடுப்படியிலும் படுக்கையறையிலும் தெளித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ரோஸ்லின் கேட்டாள். "எப்பிடிம்மா மாறுச்சு?"

ஒன்றையும் விடாமல் சொன்னேன். பாட்டில் வரிசை, அரைத் திருகு, ஓர் அறைக்கு ஒன்று, தூசி தட்டியபோது கால் தானாக அடுப்படிக்குப் போனது, பானைக் குழாய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். இவர் குறுக்கே, "பானைக் குழாய் என் யோசனை பாப்பா. ஒங்கம்மா மேல தப்பில்ல" என்றார்.

அவள் அடுப்படிக்குப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுங்குடித் துண்டுகள் கொடியில் காய்வதைப் பார்த்தாள். டியூப் சுற்றிய பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு ஒன்று செய்தாள். விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டு, உள்ளங்கை ஓரத்தாலேயே அந்த உப்புத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கப் பார்த்தாள். திறந்தது. அடுத்து ஊறுகாய் ஜாடியை அப்படியே திறக்கப் பார்த்தாள். அசையவில்லை.

"இதெல்லாம் யாரு யோசிச்சது?"

"நானும் ஒங்கப்பாவும்தான்."

அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி பரண்மேல் இருக்கிறது, அதை இறக்க யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் மனது ஓடியது.

அவள் போன பிறகு

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்றரைப் பேருந்துக்குக் கிளம்பினாள். அதற்கு முன்னால் வெகு நேரம் அடுப்படியில் தனியாக உருட்டிக்கொண்டிருந்தாள். "செத்த நேரம் படும்மா, நான் ஒதுங்க வச்சுட்டு வாரேன்" என்றாள். நானும் படுத்திருந்தேன்.

போகும்போது, "வாரேம்மா. வாரேம்ப்பா" என்றாள். கோயம்புத்தூர்ப் பேச்சை எடுக்கவில்லை. நானாகக் கேட்கவும் பயமாக இருந்தது. முடிவை அங்கே போய்ப் போனில் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்குக் காப்பி போடப் போனேன். காப்பித்தூள் டப்பாவைத் தொட்டதும் மூடி வந்துவிட்டது. சரி, இவர் திறந்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். சீனி டப்பாவும் தொட்டதும் வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஊறுகாய் ஜாடியைத் திருகிப் பார்த்தேன். அரைத் திருகு. நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, என் மாத்திரை டப்பா, மேல் தட்டில் எப்போதாவது எடுக்கிற பெருங்காயம் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அரைத் திருகு.

அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன். கூட்டிக்கொண்டு போகிறவள் எதற்காக இத்தனை மூடியையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள்? அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. இவர் வந்து அடுப்பை அணைத்தார்.

"என்னாச்சு?"

ஊறுகாய் ஜாடியை அவரிடம் நீட்டினேன். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். மூடி சுழன்றது. பிறகு எண்ணெய்ப் பாட்டில், மிளகாய்த்தூள் என்று அவரும் ஒரு சுற்று வந்தார். "ரைட்" என்றார்.

தொட்டிக்குக் கீழே பார்த்தால், நான்கு பாட்டிலிலும் காகிதப் பட்டை ஒட்டி, மார்க்கர் பேனாவால் 'உப்பு', 'உப்பு', 'உப்பு', 'உப்பு' என்று எழுதியிருந்தாள். ஹாலுக்கு வந்தோம். மாதா பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில். செம்பில் மிஞ்சிய தண்ணீரை அதில் ஊற்றி, தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குக் கொட்டை எழுத்தில் 'தீர்த்தம்' என்று எழுதி வைத்திருந்தாள்.

நெற்றியில் தொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அதன் மூடியைத் திருகினேன். அசையவில்லை. உள்ளங்கையால் அழுத்தித் திருகினேன். சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகினேன். ஊஹூம். வீட்டிலிருக்கிற அத்தனை மூடியையும் தளர்த்தியவள், இதை மட்டும் இரண்டு ஆள் பலத்தோடு இறுக்கியிருந்தாள்.

இவர் வாங்கிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். "என்னத்தப் போட்டு இறுக்குனா இவ? எனக்கே வரல" என்றார்.

"விடுங்க" என்று வாங்கி மாதா பக்கத்திலேயே வைத்தேன். "அடுத்த பாஸ்காவுக்கு இங்க வருவாள்ல, அவளே வந்து தெறக்கட்டும்."